மாதவனாக இருந்த மாதங்கள்

காதர்பேட்டையில் கைருதீன் கடை என்றால் பனியன் வியாபாரிகளுக்குத் தெரியும். ஏற்றுமதிக் கம்பெனிகள் கழித்துப் போடும் செகண்ட்ஸ் பனியன்களை மூட்டை மூட்டையாக வாங்கி, தையல் விட்டது, கறை பட்டது, அளவு மாறினது என்று பிரித்து, சில்லறைக்காரர்களுக்கு விற்கிற கடை. யாசின் அவருக்கு ஒரே பிள்ளை. கல்லாவில் உட்கார வேண்டியவன் ஆற்றில் இறங்கிக் கல்லைப் புரட்டிப் பூச்சி தேடப் போனது ஏன் என்று கைருதீனால் இன்றுவரை யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

"பையன் என்ன படிக்கிறானுங்க பாய்?" என்று யாராவது கேட்டால், "தண்ணியப் பத்திப் படிக்கிறானுங்க" என்பார்.

"குடிதண்ணி போர்டு வேலைக்குங்களா?"

"அப்படித்தானுங்க" என்று பேச்சை முடித்துவிடுவார்.

யாசின் படித்தது நன்னீர்ச் சூழலியல். நொய்யலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆற்றில் உயிர் இருக்கும் என்பதே புதுச் செய்தியாகத்தான் வந்தது. பள்ளிக்கூடம் போகும்போது பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்தால், சாயப்பட்டறைகளில் அன்றைக்கு எந்தக் கலர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு நாள் கருநீலம், ஒரு நாள் குங்குமச் சிவப்பு. பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் வருடத்தில் அமராவதி ஆற்றுக்குக் கூட்டிப் போனார்கள். வாத்தியார் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். அடியில் மணல் துகள்களை ஒட்டிக் குழாய் போலக் கூடு கட்டிக்கொண்டு ஒரு புழு தலையை மட்டும் வெளியே நீட்டியது. பக்கத்தில் மூன்று வாலுள்ள தட்டையான பூச்சிக் குஞ்சுகள் ஓடி ஒளிந்தன. இதெல்லாம் இருந்தால் ஆறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், எது எது காணாமல் போகிறதோ அதை வைத்தே ஆறு எவ்வளவு கெட்டது என்று சொல்லிவிடலாம் என்றார் வாத்தியார். மற்ற பையன்கள் குளிக்கப் போனார்கள். யாசின் பஸ் ஹாரன் அடிக்கும்வரை கல் புரட்டிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு வேலை மனதில் ஒட்டவில்லை. எம்.எஸ்ஸி. முடித்தான். ஆறுகளைக் காப்பாற்றும் அமைப்பு ஏதாவது ஒன்றில் ஆய்வாளனாகச் சேர வேண்டும், அதற்கு முனைவர் பட்டம் வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தான். பேராசிரியர் சிவசுப்பிரமணியம் வழிகாட்டி. நொய்யலையும் அமராவதியையும் ஒப்பிட்டு, கல்லடியில் வாழும் உயிர்களை வைத்து ஒரு ஆறு எப்படிச் சாகிறது என்று எழுதுவது அவன் ஆராய்ச்சி.

"சாயத்தண்ணி ஓடுனாத்தான் கண்ணு காதர்பேட்டைல கடை தொறக்கும்" என்றார் கைருதீன். தடுக்கவில்லை. மூட்டை ஏற்றுகிற மொபெட்டைக்கூட மாதம் ஒருமுறை அவனுக்கு விட்டுக்கொடுத்தார்.

2003 ஜூன் மாதம் முதல் மாதிரி எடுக்கத் தாராபுரத்துக்குக் கீழே, மூலனூர்ப் பக்கமாக ஓர் இடம் பார்த்தார்கள். அந்த வருடம் மழை பொய்த்ததில் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. இறங்கிக் கல் புரட்ட அதுவே வசதி. கூட வந்தவன் மாதவன், அவனும் அதே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்பவன். கரையை ஒட்டி முருங்கைத் தோட்டம். தோட்டக்காரர் சாமியப்பன் வரப்பில் நின்றபடியே கேட்டார்.

"யாருங்க தம்பி, மணல் அள்ளற ஆளுங்களா?"

மாதவன் முந்திக்கொண்டான். "இல்லீங்க, நாங்க யூனிவர்சிட்டிங்க. எம்பேரு மாதவன். இவனும் என்கூட ஆராய்ச்சி பண்றவன். மாசம் ஒருக்கா வந்து தண்ணி எடுத்துட்டுப் போவோம். இந்த வலையும் தட்டும் வெச்சுட்டுப் போக ஓரெடம் கெடைச்சாத் தேவலாங்க."

சாமியப்பன் யோசித்து மோட்டார் ரூமைக் காட்டினார். அவர் மனைவி மயிலாள் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தாள்.

அடுத்த மாதம் மாதவன் இல்லை. ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்துவிட்டான். யாசின் மட்டும் மொபெட்டில் போய் இறங்கினான். வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த மயிலாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க மாதவன் தம்பி. கூட வந்த தம்பி வரலீங்களா?"

"இல்லீங்க, அவன் வேலைக்குப் போயிட்டானுங்க" என்றான் யாசின். அது உண்மைதான். 'நான் மாதவன் இல்லீங்க' என்கிற அடுத்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் சாமியப்பன் மோட்டார் ரூம் சாவியோடு வந்துவிட்டார். "சாவி ஒண்ணு நீங்களே வெச்சுக்கங்க தம்பி, நான் தோட்டத்துல இல்லாத நேரம் வந்தாலும் தொறந்துக்கலாம்" என்று கையில் வைத்தார். யாசின் வாங்கிக்கொண்டான்.

ஆகஸ்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்துப் போனான். அன்றைக்கு மயிலாள் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைத்திருந்தாள். சாப்பிடும்போது சொல்வதா, சாப்பிட்ட பிறகு சொல்வதா என்று யோசித்தே பொழுது போயிற்று. செப்டம்பரில் அது சொல்லக்கூடிய விஷயமாகவே இல்லை. போன மாதமே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில்? மாரியம்மன் நோன்பு சாட்டித் திருவிழா தொடங்கிய வாரம் மயிலாள் திருநீறு கொண்டுவந்து நீட்டினாள். நெற்றியில் பூசிக்கொண்டான். தாராபுரத்துப் பாலம் தாண்டியதும் மொபெட்டை நிறுத்திக் கைக்குட்டையால் துடைத்தான். துடைத்ததற்கும் வெட்கமாக இருந்தது, பூசிக்கொண்டதற்கும் வெட்கமாக இருந்தது. ஆனால் ஆற்றில் இறங்கிவிட்டால் இதெல்லாம் மறந்துபோகும். அந்த இடத்தில் ஒவ்வொரு கல்லடியிலும் மணல்கூட்டுப் புழு இருந்தது. தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று அறிய மூன்று மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொட்ட வேண்டும். இரண்டாவது மருந்தில் பாட்டிலுக்குள் பழுப்பாகத் திரளும், மூன்றாவதான கந்தக அமிலத்தை விட்டால் திரண்டது கரைந்து பொன்னிறமாகும். உயிர் உள்ள தண்ணீர் என்றால் அந்த நிறம் வந்தே தீரும். நொய்யல் தண்ணீரில் ஒரு தடவைகூட அந்தப் பழுப்பு வரவில்லை. வெள்ளையாகவே நின்றது.

டிசம்பர் பிறந்தது. வருடா வருடம், மசூதியை இடித்த ஆறாம் தேதியை ஒட்டிப் பாலம், பஸ் ஸ்டாண்டு, அணை என்று எல்லா இடத்திலும் போலீஸ் சோதனை நடக்கும். கோயமுத்தூரில் குண்டு வெடித்த பிறகு இந்தப் பக்கம் அது இன்னும் கடுமை. கைருதீன் முதல் நாளே சொன்னார்.

"இந்த வாரம் வேண்டாங்கண்ணு. அடுத்த வாரம் போயிக்கலாம்."

"மாசத்துல மொத வாரம்தானுங்கத்தா எடுக்கோணும். தேதி மாறுனா கணக்கே தப்பாயிரும்."

"பாட்டல் கீட்டல் எல்லாம் வெச்சிருக்கியே."

"யூனிவர்சிட்டி கார்டு இருக்குதுங்கத்தா" என்றான் யாசின்.

மாதிரி எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது பாலத்தருகே மறித்தார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். வரிசையாகச் சின்னப் பாட்டில்கள், மேலே அமிலம். ஒரு போலீஸ்காரர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பினார். ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

"பேருங்க?"

"யாசின்."

"அப்பா பேரு?"

"கைருதீன்."

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கார்டு யார் வேணாலும் அடிச்சுக்கலாம் தம்பி. ஆத்துல ஆசிட் பாட்டலோட என்ன வேலை?"

யாசின் விளக்கினான். ஆக்சிஜன், மூன்று மருந்து, கல்லடிப் பூச்சி. எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னான். சொல்லச் சொல்ல எதிரே இருந்தவர்கள் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. தவறாக நினைக்கிறார்கள், தெரிந்தவர் ஒருவர் சொன்னால் போதும் என்று தோன்றியது.

"ஆத்தோரத்துல சாமியப்பன்னு ஒருத்தர் தோட்டம் இருக்குதுங்க. மாசாமாசம் அங்கதான் வர்றேன். அவங்க ஊட்டுல என்னை நல்லாத் தெரியும். வேணும்னாக் கேட்டுப் பாருங்க" என்றான்.

ஜீப் கிளம்பிப் போன சத்தம் கேட்ட பிறகுதான் தான் செய்த காரியம் அவனுக்குப் புரிந்தது. எழுந்து நின்றான். "உட்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தான்.

சாமியப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்தில் இருந்தபடியே வந்திருக்கிறார், காலில் சேறு காயவில்லை. உள்ளே வந்ததும் யாசினைப் பார்த்து, "என்ன தம்பி, என்னாச்சுங்க?" என்று பதறினார்.

"இவரைத் தெரியுங்களா?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"தெரியுங்க. நம்ம மாதவன் தம்பிங்க. யூனிவர்சிட்டில படிக்கறாரு. நல்ல பையனுங்க சாமி."

சப்-இன்ஸ்பெக்டர் கார்டை அவர் பக்கம் நீட்டினார். சாமியப்பன் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டினார். இரண்டு தடவை படித்தார். பிறகு யாசினைப் பார்த்தார். கோபம் என்றால் யாசின் தாங்கிக்கொண்டிருப்பான். அவர் முகத்தில் இருந்தது பயம்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் சாமியப்பன். "மோட்டார் ரூம் சாவிகூட இவருகிட்ட இருக்குதுங்க. உள்ள என்ன வெச்சிருக்கறாருன்னு நான் பார்த்ததில்லீங்க."

அவ்வளவு நேரமும் சந்தேகமாக இருந்தது அதற்குப் பிறகு வழக்கு போல ஆனது. ஆற்றங்கரையில் பெயர் மாற்றிச் சொல்லி ஓர் அறையில் சாமான் சேர்த்து வைத்திருக்கிற ஆள். மோட்டார் ரூமைப் போய்ச் சோதித்தார்கள். வலை, தட்டு, ரப்பர் பூட்ஸ், ஒரு பெட்டி காலிப் பாட்டில் கிடைத்தன. யாரும் அடிக்கவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஏன் மாதவன் என்று சொன்னாய்? நான் சொல்லவில்லை, அவர்களாகக் கூப்பிட்டார்கள். அப்புறம் ஏன் இல்லை என்று சொல்லவில்லை? உண்மையைச் சொன்னால் குற்றம் போல இருந்தது, பொய் சொல்ல அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

சாயங்காலமே பேராசிரியருக்குப் போன் போயிற்று. மறுநாள் காலையில் ஒரு மாணவனுக்கு வாய்மொழித் தேர்வு இருக்கிறது, முடித்துக்கொண்டு வருகிறேன் என்றாராம். கைருதீன் விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து ஸ்டேஷனுக்கு வெளியே நின்றார். உள்ளே விடவில்லை. மனைவி குல்சார் பேகம் மகனுக்குக் கட்டிக் கொடுத்தனுப்பிய சோற்றுத் தூக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வருகிற போகிற போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம் வைத்தபடி நின்றார். மதியத்துக்கு மேல் சிவசுப்பிரமணியம் துறையின் கடிதத்தோடு வந்து சேர்ந்தார். நல்ல விதமாகவே பேசினார். வழக்கு எதுவும் இல்லை, விசாரித்து அனுப்பியதாக எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். மாதிரிகள் வரவில்லை. அமிலத்தை ஸ்டேஷனுக்குப் பின்னால் கொட்டியிருந்தார்கள். கொட்டிய இடத்தில் புல் கருகிக் கிடந்தது. அந்த மாதத்துப் பூச்சிகளும் அதிலேயே கிடந்தன.

திரும்பும் வழியில் பேராசிரியர் காரில் கைருதீன் முன்னால் உட்கார்ந்தார், யாசின் பின்னால். குண்டடம் ஊரைத் தாண்டிய பிறகு சிவசுப்பிரமணியம் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"உன் நல்லதுக்குச் சொல்றேன் யாசின். இனிமே அமராவதிக்கு நீ போக வேண்டாம். திருமூர்த்தி புதுசாச் சேர்ந்திருக்கான், அவன் போய் எடுத்துட்டு வரட்டும். நீ நொய்யலைப் பார்த்துக்க. அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"சரிங்க சார்" என்று யாசின் வாய் திறக்கும் முன்பே கைருதீன் சொன்னார்.

பேராசிரியர் சொன்னது உண்மை. நொய்யல் கரையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பட்டறைக்காரர்கள் குழாய் போட்டுச் சாயத்தண்ணீரை ஆற்றில் விடுகிற இடத்திலேயே நின்று பாட்டில் பாட்டிலாக எடுத்தான். பேர் என்ன என்று ஒருவர் கேட்டதில்லை. கல்லைப் புரட்டினால் கறுப்புச் சேறு. சேற்றில் நெளியும் சிவப்புப் புழு ஒரே ஒரு வகை, ஆக்சிஜன் இல்லாமலும் பிழைத்துக்கொள்ளும் சாதி. மாதா மாதம் அதையே எண்ணி எழுதினான். திருமூர்த்தி அமராவதியிலிருந்து ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கொண்டுவரும் மணல்கூட்டுப் புழுக்களை மைக்ராஸ்கோப்பில் வைத்து இனம் பிரித்தான். அவை எல்லாம் வெளுத்துப் போயிருக்கும். எந்தக் கல்லடியில், எந்த நீரோட்டத்தில் இருந்தது என்று திருமூர்த்திதான் சொல்ல வேண்டும். திருமூர்த்தி நல்ல பையன், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வான். அவனை அங்கே என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று யாசின் கேட்டதில்லை. மயிலாளைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டான்.

"அந்தத் தோட்டத்துப் பக்கமே விடறதில்லீங்கண்ணா. யூனிவர்சிட்டின்னாலே வேண்டாங்கறாங்க. நான் எதிர்க்கரையிலதான் எறங்கறேன்" என்றான் திருமூர்த்தி.

பட்டம் வாங்க 2008 ஆயிற்று. அந்த வருடமே மலைப்பக்கத்து ஓடைகளைக் காக்கும் ஓர் அமைப்பில் ஆய்வாளர் வேலைக்கு நேர்காணல் வந்தது. யாசின் எந்த வேலைக்காகப் படித்தானோ அதே வேலை. நேர்காணல் செய்தவர்கள் அவன் கட்டுரைகளைப் படித்திருந்தார்கள். தட்டில் கொட்டி வைத்த பூச்சிகளைப் பார்த்தவுடன் இனம் சொன்னான். கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த அமைப்பின் இயக்குநரே போனில் பேசினார். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அனுமதிக்குப் போலீஸ் விசாரணை வேண்டும், விசாரணையில் பழைய விஷயம் ஒன்று வந்திருக்கிறது என்றார்.

"வழக்கு எதுவும் இல்லை சார். மறுநாளே விட்டுட்டாங்க."

"எங்களுக்குத் தெரியும் யாசின். ஆனா இன்னொருத்தர் பேருக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கு. காலத்தைக் கடத்த முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க."

அந்த இன்னொருத்தர் திருமூர்த்தி. சேரும் முன்னால் வீட்டுக்கு வந்து, "நீங்க போக வேண்டிய எடம்ண்ணா" என்று கண் கலங்கினான். குல்சார் பேகம் அவனுக்குச் சேமியா பாயசம் கொடுத்து அனுப்பினாள். அவன் தெரு திரும்பிய பிறகு யாசின் மாடிக்குப் போய், கல்லடி உயிர்களைப் பற்றி வாங்கிச் சேர்த்திருந்த புத்தகங்களைச் செகண்ட்ஸ் பனியன் வரும் அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டினான். அம்மா பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

ஒரு கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. பி.காம்., பி.சி.ஏ. என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக வைத்திருந்த சுற்றுச்சூழல் பாடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு அது. பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர், பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நன்னீர் வாழிடங்கள் இரண்டு கூறுக என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. ஆறு, குளம் என்று எழுதினால் போதும். ஒரு பெண் மட்டும் ஒரு நாள் எழுந்து, "சார், நொய்யல் ஆறுங்களா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். யாசின் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த தலைப்பை எழுதினான்.

சாயங்காலங்களில் கடையில் இருப்பான். அந்த மார்கழிக் கடைசியில் பொங்கல் வியாபாரத்தில் காதர்பேட்டை நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது சாமியப்பன் கடைக்குள் வந்தார். தோட்டத்து ஆட்களுக்குத் துண்டும் பனியனும் எடுக்க வந்தவர். முதலில் துணியைத்தான் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"தம்பீ, நீங்க..." என்று தொடங்கி நின்றுவிட்டார். எந்தப் பேரைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"யாசினுங்க" என்றான் யாசின். "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். யாசின் டீ வரவழைத்தான். குடிக்கலாமா என்பது போல ஒரு கணம் டம்ளரைப் பார்த்துவிட்டுக் குடித்தார். ஆறு எப்படி இருக்கிறது என்று யாசின் கேட்டான்.

"ஆறுங்களா? மணலெல்லாம் போயிருச்சுங்க. நீங்க பொரட்டுவீங்களே, அந்தக் கல்லெல்லாங்கூட லாரில போயிருச்சு. இப்ப வெறும் குழிதானுங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "பேரை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்களா தம்பி? எம்மேல என்ன நம்பிக்கை இல்லாமப் போச்சு? மூலனூர்ச் சந்தைல நான் காய் போடறதே பாய்கிட்டத்தானுங்க. இருவது வருசமா."

யாசின் துண்டுகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தான். கையை நிறுத்தினான்.

"சொல்லியிருந்தா அந்தச் சாவியக் குடுத்திருப்பீங்களா?"

சாமியப்பன் உடனே பதில் சொல்ல வாயைத் திறந்தார். கீழே வைத்த டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார். வெளியே ஆட்டோக்காரன் மூட்டை இறக்க வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.

"தெரியலீங்க தம்பி" என்றார் கடைசியில். "பொய் சொல்லக் கூடாது. தெரியலீங்க."

யாசின் தலையசைத்தான். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்குத் தானே சொல்லிப் பார்த்திருந்த எந்தப் பதிலையும்விட அது நேர்மையாக இருந்தது. ஆனாலும் நெஞ்சில் கசந்தது.

"அன்னிக்கு ஸ்டேசன்ல, எனக்குத் தெரியாதுன்னு சொன்னன்" என்று சாமியப்பன் தரையைப் பார்த்துச் சொன்னார். "பயந்துட்டனுங்க. மயிலா இன்னும் கேப்பா, அந்தப் பையன் என்ன ஆனான்னு. நான் ஒண்ணும் சொல்றதில்லீங்க."

"காலேஜ்ல பாடம் எடுக்கறேன்னு சொல்லுங்க."

"சொல்றனுங்க" என்று எழுந்தார். துணிக்கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு படி இறங்கினார். எங்கே யாரைப் பார்த்தாலும், 'ஒருக்கா ஊட்டுப் பக்கம் வாங்க' என்று சொல்லாமல் விடைபெறுகிற ஆள் இல்லை அவர். அன்றைக்குச் சொல்லவில்லை. கூட்டத்தில் அவர் தலை மறையும்வரை யாசின் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்த கைருதீன் எட்டிப் பார்த்தார். மகன் ஸ்டேஷனில் இருந்த அந்தப் பகலில் சாமியப்பனை அவர் பார்க்கவில்லை. ஆள் அடையாளம் தெரியாது.

"ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தியே கண்ணு, தெரிஞ்சவரா?"

"தாராபுரத்துக்காரருங்கத்தா. துண்டு எடுக்க வந்தாரு."

"வெலை கொறைச்சுக் குடுத்தியா?"

"இல்லீங்கத்தா."

"அதுதான் சரி" என்றார் கைருதீன். அடுத்த மூட்டையை அவன் பக்கம் தள்ளினார். அளவு மாறின பனியன்கள். யாசின் கழுத்தில் தைத்திருந்த அளவுப் பட்டியைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைக்கத் தொடங்கினான்.